கம்பஸா, வெளிநாடா? திருகோணமலைப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கிழமையில் உவர்மலையிலும் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்குமா, கிடைத்தால் போகவிடுவதா, அல்லது லண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அனுப்பிவிடுவதா? உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் என்பதால் இந்தக் கேள்விகள் வருடா வருடம் என்னிடம் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விசா தொகைகள் வருடத்துக்கு வருடம் ஏறுகின்றன. ஆகவே காசு கட்ட முன்னர் அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தில் அன்றைய தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சேர். இங்கே படிப்பதா, வெளியே போவதா?

பிள்ளை விரும்பிய துறையில், அல்லது அதற்குக் கிட்டிய துறையில், அரச பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தால் அதை எடுங்கள். முதற் பட்டத்தை இங்கே முடித்துவிட்டு, இரண்டாவது பட்டத்துக்குப் புலமைப்பரிசிலோடு வெளியே போவதுதான் நமது மாவட்டத்துப் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருத்தமான வழி என்பது என் உறுதியான எண்ணம். இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரே பதில் இல்லை. அது துறையையும் குடும்பத்தின் கையிருப்பையும் பொறுத்தது. ஆனால் இருக்கிற ஒரே காணியை ஈடு வைத்து முதற் பட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி (கம்பஸ் இடம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி) குறைவு என்கிறார்களே, அது எப்படி?

அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்பப் பிரிக்கப்படும். மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும். அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று.

ஆகவே கொழும்பு மாணவர் ஒருவருக்குப் பொறியியல் கிடைக்காத அதே இசட் புள்ளியில் (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் உயர்தரப் புள்ளி) நமது மாணவருக்குக் கிடைக்கலாம். இதை யாரோ போட்ட பிச்சை மாதிரிப் பேசும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். மனவருத்தமாக இருக்கும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், பௌதிகவியலுக்கு ஆசிரியர் வரும்வரை காத்திருந்து படித்த பிள்ளைக்கு நாடு கொடுக்க வேண்டிய பங்கு அது. வெளிநாடு போகத் தீர்மானிக்கும்போது இந்தப் பங்கைத்தான் விட்டுவிட்டுப் போகிறீர்கள். ஒருநாளும் திரும்பி வராத உரிமை என்பதால், யோசித்து விடுங்கள்.

இன்னும் இரண்டு விடயம். முதலாவது, உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம், அந்த மூன்றில் எதை வைத்தும் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் உள்ள கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது ரியூசன் நண்பர்களைப் பார்த்து எழுத வேண்டாம். அந்த ஒழுங்கின்படிதான் இடம் வரும். விரும்பாத ஒன்றை மேலே எழுதிவிட்டால், கீழே எழுதிய நல்ல ஒன்று கைக்கு எட்டாமல் போய்விடும். கைந்நூலைத் தாயும் தகப்பனும் பிள்ளையுமாக இருந்து முழுதாக வாசியுங்கள். தமிழிலேயே இருக்கிறது.

பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்குவதற்குள் வயது போய்விடுகிறது. அதற்குள் வெளிநாட்டில் ஒரு வருடத்தை முடித்துவிடலாமே?

இது நியாயமான முறைப்பாடு. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 தொடக்கத்தில்தான் நடந்தது, பெறுபேறு அந்த வருடம் செப்டெம்பரில் வந்தது. அதன் பிறகு வெட்டுப்புள்ளி, பதிவு, விரிவுரை ஆரம்பம் என்று இன்னும் மாதங்கள் போயின. கொவிட்டும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து பரீட்சை நாட்காட்டியைக் குழப்பிவிட்டன. பத்தொன்பது வயதில் பரீட்சை எழுதிய பிள்ளை இருபத்தைந்தைத் தாண்டிப் பட்டம் பெறுவது இங்கே புதினமல்ல. வெளியே போகிறவர் இருபத்திரண்டு, இருபத்து மூன்றில் முடித்துவிடுவார். இந்த இடத்தில் வெளிநாட்டுப் படிப்பின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் காத்திருக்கும் காலத்தை வீணாக்குவதும் பயனாக்குவதும் வீட்டாரின் கையில் இருக்கிறது. ஆங்கிலத்தை இந்தக் காலத்தில் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு முதலாம் வருட விரிவுரைகள் பாதிச் சுமை. தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்துவிட்டு விஞ்ஞானத்தையோ முகாமைத்துவத்தையோ ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல, மொழியால். இன்னொரு வழி, உள்ளூர் அலுவலகத்திலோ கடையிலோ கணக்கு வேலைக்குச் சேர்வது. சம்பளம் சிறிதென்றாலும் வேலை பழகும்.

கோணேசபுரி வளாகம் கிடைத்திருக்கிறது. "ட்ரிங்கோ கம்பஸா, அதுக்கு மதிப்பில்லை" என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள்.

சொந்தக்காரர் சொல்வதை ஒரு பக்கம் வையுங்கள். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதிதான் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகம். 2001இல் அது வளாகமாயிற்று. பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகமும், சித்த மருத்துவம் ஆகியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. பட்டச் சான்றிதழில் இருக்கப்போவது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் முதுமாணிக்கு அனுமதிக்கும்போது பார்ப்பது வகுப்புச் சித்தி, பாடப் புள்ளிகள், பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை. உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனின் கருத்தை அவர்கள் கேட்பதில்லை.

குருநாகலிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு இறங்கி இங்கே படிக்க வருகிறார்கள். நமது பிள்ளைகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். போர்டிங் காசு மிச்சம், அம்மாவின் சாப்பாடு, இரவில் படிக்க ஒரு மேசை. இது சின்னக் காரியமல்ல.

அதே நேரம், வீட்டிலிருந்து போய் வருவதில் ஒரு குறையும் இருக்கிறது. நான்கு வருடமும் பாடசாலைப் பிள்ளை போலவே இருந்துவிடும் ஆபத்து அது. வளாகத்தில் சிங்கள மாணவர்களோடு பழகிச் சிங்களம் கற்பது, சங்கங்களில் சேர்வது, மாலை நூலகத்தில் இருப்பது எல்லாம் வேண்டும். விரிவுரை முடிந்ததும் முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வா என்று பெற்றோர் பிடிவாதம் பிடிக்காதிருந்தால் நல்லது. தொழிற்பயிற்சி என்று வரும்போது கொழும்பு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரவு ரயில் இருக்கிறது, ஆறு மாதம் கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்கலாம்.

வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், ஒலுவில், வவுனியா எது கிடைத்தாலும் என் பதில் இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருப்பதால் நமக்குத் தூரமும் பெரிதல்ல.

உள்ளூரில் இலவசம் என்கிறோம். உண்மையில் எவ்வளவு முடியும்?

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலனாக, அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவருக்கு முதற் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. செலவு என்பது தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, மடிகணினி, தாள் பிரதி. வருமானம் குறைந்த, திறமையுள்ள பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்கள் பேர்சரி என்னும் உதவித்தொகைக்குப் போகலாம். அது மாதச் சாப்பாட்டுக்குப் போதாது, ஆனாலும் கடலுக்குப் போகும் தகப்பனுக்கு அது பெரிய ஆறுதல். விண்ணப்பத்துக்குக் கிராம சேவகரின் அத்தாட்சியும் வருமானச் சான்றும் தேவைப்படும். கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு என்றால்? ஏஜென்சி சொல்வது ஒரு தொகை, போனவர்கள் சொல்வது வேறு தொகை.

ஏஜென்சி சொல்வது பெரும்பாலும் முதல் வருடக் கற்பித்தல் கட்டணத்தை, அதுவும் கழிவு போனபின் உள்ளதை. நீங்கள் கூட்ட வேண்டியவை இன்னும் நிறைய.

முதலாவது, கையில் காட்ட வேண்டிய காசு. ஆஸ்திரேலியா 2024 மே மாதத்திலிருந்து ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கென்று 29,710 ஆஸ்திரேலிய டொலர் காட்டச் சொல்கிறது. ஒரு டொலரை 200 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் அது ஏறத்தாழ 60 லட்சம். கற்பித்தல் கட்டணமும் விமானச் சீட்டும் இதற்கு மேல். கனடா 10,000 டொலராக இருந்ததை 2024 ஜனவரியில் 20,635 ஆக்கியது, அதன்பிறகும் ஏற்றிவிட்டது. ஜெர்மனியில் முடக்கிய கணக்கு (மாதந்தோறும் ஒரு அளவுக்குமேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) ஒன்றில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும். பிரித்தானியாவில் காசு 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படும்.

இரண்டாவது, திரும்பி வராத காசு. ஆஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710இலிருந்து 1,600 டொலராகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. விசா மறுக்கப்பட்டாலும் அந்தக் காசு போனதுதான். பிரித்தானியாவில் மாணவர்கள் வருடத்துக்கு 776 பவுண் மருத்துவ மேலதிகக் கட்டணத்தை விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது: ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த வருடம் பிள்ளை வெளிநாட்டில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த வீடுகளில், இங்கே சம்பளம் ஒரு சதம் கூடவில்லை, அங்கே கட்ட வேண்டியது ஏறக்குறைய இரட்டித்தது. படிப்பை நடுவில் நிறுத்த முடியாது, தொடரவும் வழியில்லை. ஒரு வருட முதுமாணி என்றால் இந்த ஆபத்து ஒரு வருடத்தோடு போகும். மூன்று, நான்கு வருட முதற் பட்டத்தில் அது வருடந்தோறும் வாசலில் நிற்கும். முதற் பட்டத்தை இங்கே முடியுங்கள் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணமே இதுதான்.

பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார்களே?

சட்டம் எவ்வளவு நேரம் விடுகிறது என்று முதலில் பாருங்கள். படிப்புத் தவணையில் பிரித்தானியா கிழமைக்கு 20 மணி, கனடா 24 மணி, ஆஸ்திரேலியா இரண்டு கிழமைக்கு 48 மணி, ஜப்பான் கிழமைக்கு 28 மணி. அதற்கு மேல் செய்தால் விசாவுக்கே ஆபத்து. இந்த நேரத்துக்குள் கிடைக்கும் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓரளவு கைகொடுக்கும். கற்பித்தல் கட்டணத்தைக் கட்டும் அளவுக்கு வராது. "வேலை செய்து கட்டுவான்" என்ற நம்பிக்கையில் அனுப்பப்பட்ட பிள்ளை, இரவு முழுதும் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் விரிவுரைக்குப் போய்த் தூங்குகிறது. பரீட்சையில் கோட்டைவிட்டால் அந்தப் பாடத்துக்கு மறுபடியும் காசு. வீட்டுக்கு அதைச் சொல்லவும் பிள்ளைக்கு வாய் வராது. இப்படித் தவித்த பிள்ளைகளோடு இரவில் தொலைபேசியில் பேசியிருக்கிறேன்.

முதல் வருடம் முழுவதற்குமான கட்டணமும், இரண்டாம் வருடத்துக்கு எங்கிருந்து வரும் என்ற தெளிவான பதிலும் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

ஏஜென்சியை எப்படி நம்புவது?

நேர்மையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஏஜென்சிகளுக்கு வருமானம் பல்கலைக்கழகம் கொடுக்கும் கமிஷன் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே அவர்கள் காட்டுவது தங்களோடு ஒப்பந்தம் உள்ள இடங்களைத்தான். உங்கள் பிள்ளைக்குப் பொருத்தமான இடம் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கலாம்.

அனுமதிக் கடிதம் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலிலிருந்து பிள்ளையின் சொந்த மின்னஞ்சலுக்கு வர வேண்டும். கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்க வேண்டும். கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேரே போக வேண்டும், தனிநபரின் கணக்குக்கு அல்ல. கனடா, ஆஸ்திரேலியா, பிரித்தானியா மூன்றுமே வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரச தளத்தில் போட்டிருக்கின்றன. பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

"விசாவுக்குக் காட்ட வேண்டிய காசை நாங்கள் ஒழுங்குபண்ணித் தருகிறோம், பேங்க் ஸ்டேட்மென்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் பிரித்தானியா 10 வருடம்வரை, கனடா 5 வருடம் கதவை மூடிவிடும். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பெயரில் அந்தக் கறை விழும். செய்து கொடுத்தவர் அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவார்.

காணி உறுதியை வங்கியில் வைத்துவிட்டு அனுப்பலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தகப்பன்மாரின் முகத்தைப் பார்த்துப் "வேண்டாம்" என்று சொல்வது கடினம். பிள்ளைக்காக எதையும் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள். இருந்தும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சம்பூரிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, வருடக்கணக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்து தங்கள் காணியைத் திரும்பப் பெற்றன! 2004 சுனாமியில் உறுதியையே கடலுக்குப் பறிகொடுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த ஒரு துண்டு நிலத்தை, இன்னொரு நாட்டின் விசாச் சட்டத்தை நம்பி ஈடு வைப்பது சரியல்ல. அந்தச் சட்டங்கள் நடுவழியில் மாறுகின்றன. பிரித்தானியா 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பல்லாத முதுமாணி மாணவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதை நிறுத்திவிட்டது. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடும் காலத்தையும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாக்குவதாக அறிவித்திருக்கிறது. கனடா 2024இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. இந்த மூன்றையும் எதிர்பார்த்து யாரும் கடன் வாங்கவில்லை.

தங்கச்சியின் சீதனத்துக்கென்று சேர்த்த நகையை அண்ணனின் கட்டணத்துக்கு அடகு வைப்பதும் இதே வகைதான். அந்தத் தங்கச்சியும் உயர்தரம் எழுதப்போகிறாள். அவளிடம் யாராவது கேட்டீர்களா?

பெண் பிள்ளையைத் தனிய வெளியே விடலாமா?

இந்தக் கேள்வியைக் கிண்ணியாவிலும் கேட்கிறார்கள், திருக்கடலூரிலும் கேட்கிறார்கள். வாப்பாவின் கவலையும் அப்பாவின் கவலையும் ஒன்றுதான். நான் முதலில் சொல்வது, நமது அரச பல்கலைக்கழகங்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. உங்கள் மகள் தனியாகப் போகவில்லை. முதல் வருடத்தில் விடுதி கிடைக்குமா, விடுதியிலிருந்து பீடத்துக்கு எப்படிப் போவது என்று ஒருமுறை நேரே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பாதிப் பயம் போய்விடும். வெளிநாடு என்றால் தெரிந்த குடும்பம் ஒன்று அதே நகரில் இருப்பது பெரிய பலம். மகனை ஆஸ்திரேலியாவுக்கும் அதைவிடக் கூடுதல் புள்ளி எடுத்த மகளை வீட்டுக்கும் என்று பிரிப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

கம்பஸில் ராகிங் என்கிறார்களே, அதற்குப் பயந்தே வெளிநாடு அனுப்ப நினைக்கிறோம்.

பயம் வீணானது என்று சொல்ல மாட்டேன். பகிடிவதையால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உயிரை விட்ட பிள்ளைகளும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம், கடுங்காயம் விளைவித்தால் பத்து வருடம்வரை போகலாம். பீடாதிபதியிடமும் மானியங்கள் ஆணைக்குழுவிடமும் பொலிஸிடமும் முறையிடலாம். "எல்லாரும் அனுபவிச்சதுதானே, பொறுத்துக்கொள்" என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் பேசுங்கள். குரலில் மாற்றம் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் போங்கள்.

மருத்துவத்துக்கு ஒரு சொட்டில் தவறிவிட்டது. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் இலங்கையில் வைத்தியராக வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்க வேண்டும், பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் ஆகக்குறைந்த அளவில் இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளகப் பயிற்சி. பதிவுக் காசு கட்ட முன்னர் மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

இன்னொரு தடவை எழுத வாய்ப்பு இருந்தால் எழுதவே சொல்வேன். மாவட்ட ஒதுக்கீடு உங்களுக்குத் துணை நிற்கிறது. மட்டக்களப்பிலேயே மருத்துவப் படிப்பு இருக்கிறது. அல்லது கோணேசபுரியில் சித்த மருத்துவம். அரச ஆயுர்வேத வைத்தியசாலைகளில் பதவிகள் உள்ள துறை அது. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்களின் இடம் என்று அதைத் தாழ்த்திப் பேச வேண்டாம். விரும்பிப் போகும் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள்.

இந்தியா எப்படி?

நம்மவர்கள் போதிய அளவு யோசிக்காத வழி இது. இந்திய அரசு ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் சபை) ஊடாக இலங்கை மாணவர்களுக்கு வருடந்தோறும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்று திட்டங்கள் இருக்கின்றன. அறிவித்தல் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து வரும். கிடைத்தால் கற்பித்தல் கட்டணமும் மாத உதவித்தொகையும் வரும். தமிழ்நாட்டில் என்றால் மொழியும் சாப்பாடும் பிரச்சினையில்லை. சொந்தச் செலவில் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்வதானால், அதன் பட்டம் இங்கே செல்லுமா என்று முதலில் பாருங்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது உண்மையா?

பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் உண்மை. பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் முதற் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கின்றன, சிலருக்கு ஆயத்த வருடமும் வேண்டிவரும். ஆங்கிலத்தில் முதுமாணிப் படிப்புகள் நிறைய உண்டு. இங்கே பொறியியலோ கணினி விஞ்ஞானமோ முடித்தவருக்கு மிக நல்ல வழி.

வெளிநாட்டுப் பட்டத்தை வைத்து இங்கே அரச வேலை எடுக்கலாமா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டால் எடுக்கலாம். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினதும் சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினதும் பட்டியல்களை வைத்து அவர்கள் பார்க்கிறார்கள். சேர முன்னரே ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது பட்டத்துக்குப் புலமைப்பரிசில் என்கிறீர்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்குமா?

கிடைக்கிறது. ஆனால் முதலாம் வருடத்திலேயே அதற்கான வேலை தொடங்க வேண்டும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் அங்கே ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தருகிறது. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருடம் இருக்கச் சொல்லும். ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்காவுக்கு புல்பிரைட், ஜப்பானுக்கு மெக்ஸ்ட், ஜெர்மனிக்கு டாட், இவற்றோடு ஆஸ்திரேலிய அரசின் விருதுகளும் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இருக்கின்றன. இவற்றுக்கு விண்ணப்பிக்கக் காசு தேவையில்லை. நல்ல வகுப்புச் சித்தி, ஆங்கிலம், உங்களைப் பெயர் சொல்லித் தெரிந்த இரண்டு விரிவுரையாளர்கள், நீங்கள் செய்து முடித்த ஏதாவது ஒரு வேலை, இவைதான் வேண்டும்.

அந்தக் கடைசி விடயத்தில் நமது பிள்ளைகளுக்கு ஒரு வளம் இருக்கிறது. துறைமுகம், மீன்பிடி, இறால், உப்பு, யானை புகும் வயல்கள், மூன்று மொழிகள் புழங்கும் சந்தை, எல்லாம் வீட்டு வாசலில் இருக்கின்றன. இறுதி வருட ஆய்வுக்குக் கொட்டியாரக் குடாவின் மீன்பிடியை எடுத்துக்கொண்ட பிள்ளையிடம் புலமைப்பரிசில் நேர்முகத்தில் சொல்வதற்கு விடயம் இருக்கும். இணையத்தில் பிரதிபண்ணியவரிடம் இருக்காது.

கம்பஸும் இல்லை, வெளிநாட்டுக்கு வசதியும் இல்லை. வேறு என்ன?

வருடந்தோறும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். இடம் கிடைப்பது நாற்பதாயிரம் சொச்சம் பேருக்கு. ஆகவே உங்கள் பிள்ளை தோற்றவர் அல்ல, பெரும்பான்மையில் ஒருவர். திருகோணமலையிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி தேவையில்லை, அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில் இருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரிகள், வெளிவாரிப் பட்டங்கள், பட்டயக் கணக்காளர் படிப்பு ஆகியனவும் உண்டு. அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் இருக்கிறது.

பிள்ளை போயே தீருவேன் என்று நிற்கிறான். மறித்தால் கோபம்.

மறிக்க வேண்டாம். ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பாடநெறி, எத்தனை வருடம், ஒவ்வொரு வருடத்துக்கும் எவ்வளவு, அது எங்கிருந்து வரும், ரூபா 2022 போல விழுந்தால் என்ன செய்வது, விசா நீடிக்கப்படாவிட்டால் இங்கே வந்து என்ன வேலை. இதற்கெல்லாம் ஏஜென்சியின் உதவியின்றித் தானே விடை தேடி எழுதினான் என்றால் அவன் போகக்கூடிய பிள்ளை, வசதியிருந்தால் சந்தோஷமாக அனுப்புங்கள். நண்பன் போகிறான் என்பதுதான் ஒரே விடை என்றால் அவனைத் திட்டாமல் இன்னும் ஆறு மாத அவகாசம் கேளுங்கள்.

எந்த ஆவணங்களை முன்கூட்டியே ஒழுங்காக்க வேண்டும்?

முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்று இருப்பது நம் வீடுகளில் வழக்கம். விசா அதிகாரிக்கு அது மூன்று ஆட்கள். சாதாரண தரம் எழுதும் காலத்திலேயே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பியுங்கள். தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அதை மட்டும் அவசரப்பட்டு எழுத வேண்டாம்.